ஈரலும் இதயமும்

பேரச்சம் நேர்ந்தபொழுது, “ஈரக்குலை நடுங்கிற்று” என்று கூறுதல் தமிழ்நாட்டு ஊர்களில் இன்றும் உள்ள வழக்கு. ஈரற்குலை என்பதே பேச்சில் ஈரக்குலை என மருவிற்று. நெஞ்சினை நெஞ்சாங்குலை என்பதும் உண்டு. மார்பிலும் அதன் கீழும் அமைந்த உள்ளுறுப்புகளை, ஒரே காம்பில் தொங்கும் காய்களைப்போல, ஒரு குலையாகவே மக்கள் எண்ணினர். மருத்துவ நூலோரோ நெடுங்காலம் அவற்றைத் தனித்தனியே பிரித்து ஆராய்ந்தனர். இன்றும் பெரிய மருத்துவமனைகளில் ஈரலுக்கு ஒரு மருத்துவரும் இதயத்திற்கு வேறொரு மருத்துவரும் வெவ்வேறு அறைகளில் அமர்ந்திருத்தலைக் காணலாம். ஆயினும், ஈரலில் தொடங்கும் ஒரு கேடு இதயத்தைச் சென்று தாக்கக் கூடும் என்பது அண்மைக் காலத்தில் தெளிவாகியுள்ளது. அக்கேடு கொழுப்பு ஈரல் நோய் எனப்படும்.

ஈரல் எனப் பொதுவாகக் கூறப்படும் கல்லீரல், வயிற்றின் வலப்பக்கத்தில் விலா எலும்புகளின் காப்பில் அமைந்துள்ளது. வளர்ந்தவர் ஒருவரின் ஈரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் எடையுள்ளது. உடலின் உள்ளுறுப்புகளுள் இதனினும் பெரியது இல்லை. அதற்கு மேலே உதரவிதானம் என்னும் தசைத்திரை. அத்திரைக்கு மேலே இதயம். இடையில் உள்ளது அவ்வொரு திரையே. ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் குருதி ஈரலினூடே பாய்கின்றது. அதில் முக்கால் பங்கு இதயத்தினின்று நேரே வருவது அன்று. குடலைச் சுற்றி, உணவின் சத்தை வாரிக்கொண்டு வரும் ஒரு பெருஞ்சிரை வழியே வருவது. ஆகவே, உண்ட சோறும் பருகிய இனிப்பு நீரும் உடலெங்கும் பரவுமுன் ஈரலைக் கடந்தே செல்லுதல் வேண்டும். எல்லையில் நின்று பொதிகளை அவிழ்த்துப் பார்க்கும் சுங்கக்காரனை அஃது ஒத்துள்ளது.

ஈரல் சோதிப்பதோடு நில்லாது சேமித்தும் வைக்கும். பிரெஞ்சு நாட்டு உடலியல் அறிஞர் குளோத் பெர்னார், ஈரல் சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளாக மாற்றி இருத்தி வைத்தலைக் கண்டு, அப்பொருளை 1857-ஆம் ஆண்டில் பிரித்தெடுத்துக் காட்டினார். உண்ணாத வேளையில் அம்மாவு மீண்டும் சர்க்கரையாகிக் குருதியிற் கலந்து மூளைக்கும் தசைக்கும் செல்லும். உழவர் இல்லத்துக் குதிர் போன்றது இவ்வமைப்பு. ஆனால், குதிரின் அளவு சிறிது. அது நிரம்பிய பின்னும் சர்க்கரை வந்துகொண்டே இருப்பின் ஈரல் என் செய்யும்? அதனைக் கொழுப்பாக மாற்றும். மாவுக்குதிர் நிறைந்ததும் எண்ணெய்க்குடம் நிறையத் தொடங்குகின்றது.

இவ்வுண்மையை அறிவியலார் காணுமுன்பே சமையற்காரர் கண்டனர் என்பது வியப்பிற்குரியது. பண்டை உரோமர், பெருவாத்துகட்கு உலர்ந்த அத்திப்பழங்களை மிகுதியாக ஊட்டி, அவற்றின் ஈரலைப் பன்மடங்கு பருக்கச் செய்து உண்டனர். பிற்காலத்துப் பிரெஞ்சுக்காரர் அத்திக்கு மாற்றாக மக்காச்சோளத்தை ஊட்டினர். இரண்டும் நெய்ப்பொருள் அல்ல. ஒன்று இனிப்பு, மற்றொன்று மாவு. எனினும், வாத்தின் ஈரலில் நிறைந்ததோ கொழுப்பு. அத்திப்பழத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல் ‘ஃபிக்குஸ்’ என்பது. அத்தி ஊட்டப்பெற்ற ஈரல் ‘ஃபிக்காத்தும்’ எனப்பட்டது. நாளடைவில் பழைய பெயர் மறைந்து அடைமொழியே ஈரலுக்குப் பெயராயிற்று. இத்தாலியரின் ‘ஃபேகாத்தோ’, பிரெஞ்சுக்காரரின் ‘ஃபுவா’, இசுப்பானியரின் ‘ஈகதோ’ ஆகிய சொற்கள் யாவும் அதன் வழியில் வந்தவை. மக்களின் ஈரலைக் குறிக்கும் சொல்லிலேயே கொழுத்த வாத்தின் கதை ஒளிந்துள்ளது! இவ்வாத்தினிடம் கற்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. வலிந்து ஊட்டுதலை நிறுத்திவிட்டால் அதன் ஈரல் சிறிது சிறிதாகச் சுருங்கிப் பழைய நிலையை அடையும்.

மனித ஈரலிலும் சிறிதளவு கொழுப்பு இருத்தல் இயல்பே. நூற்றுக்கு ஐந்து பங்கிற்கு மேற்பட்டால் அது நோய் எனப்படும். ‘கொழுப்பு’ என்னும் பெயரைக் கேட்டவுடன் பலர் நெய்யையும் எண்ணெயையும் பழிப்பர். அஃது ஒருபுடை உண்மையே. கொழுப்பு ஈரல் உடையோர் சிலரிடம் செய்த நுண்ணிய ஆய்வொன்று 2005-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்தம் ஈரற்கொழுப்பில் நூற்றுக்கு 59 பங்கு உடலின் கொழுப்புத் திசுக்களினின்று குருதி வழியே வந்து சேர்ந்தது. 26 பங்கு ஈரலே புதிதாக ஆக்கியது. உண்ட கொழுப்பிலிருந்து நேரே வந்தது 15 பங்கு மட்டுமே. உடலில் கொழுப்பை அடக்கி வைக்கும் பூட்டு இன்சுலின் என்னும் சுரப்புநீர். அதன் ஆணைக்கு உடல் செவிசாய்க்காத நிலையில் பூட்டுத் தளர்ந்து, வயிற்றுக் கொழுப்பு உருகி ஈரலை நோக்கி ஓடுகின்றது. உழைப்பின்மையும் தொப்பையும் இந்நிலையை உண்டாக்குவன. சர்க்கரை கலந்த பானங்கள் இதனினும் தீயன. அவற்றில் உள்ள பழச்சர்க்கரையின் பெரும்பகுதியைக் கொழுப்பாக்கும் ஆற்றல் வாய்ந்த ஈரலே ஏற்றுக்கொள்கின்றது.

மது அருந்துவோர்க்கே ஈரல் கெடும் என்னும் எண்ணம் நெடுநாள் நிலவியது. அமெரிக்க நாட்டின் ராச்செஸ்டர் நகரில் உள்ள மேயோ மருத்துவமனையில் பணியாற்றிய யூர்கன் லூட்விக் என்பவர், மதுப்பழக்கம் இல்லாத 20 நோயாளரின் ஈரலில் குடியரின் ஈரலில் காணப்படும் கேடே இருத்தலைக் கண்டு 1980-ஆம் ஆண்டில் எழுதினார். குடிப்பதில்லை என்று நோயாளர் உண்மை கூறியும் மருத்துவர் நம்பாதிருந்த நிலை அதன்பின் மெல்ல மாறிற்று. மது சாராக் கொழுப்பு ஈரல் என்று அதற்குப் பெயரிட்டனர். இல்லாத ஒன்றைச் சொல்லி ஒரு நோய்க்குப் பெயரிடுதல் நிறைவானது அன்று. 2023-ஆம் ஆண்டில் ஈரல் மருத்துவக் கழகங்கள் பல கூடி, உடலின் வளர்சிதை மாற்றக் கோளாற்றைச் சார்ந்த நோய் என்று பெயரை மாற்றின. ஈரலில் கொழுப்பு மிகுந்திருப்பதோடு, மிகுந்த உடல் எடை அல்லது இடையளவு, உயர்ந்த குருதிச் சர்க்கரை, உயர்ந்த குருதி அழுத்தம், குருதியில் மிகுந்த டிரைகிளிசரைடு, குறைந்த நற்கொழுப்பு ஆகிய ஐந்தனுள் ஒன்றேனும் இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் வகுத்த இலக்கணம். இவ்வைந்தும் இதய மருத்துவர் நெடுநாளாக அஞ்சிவரும் பகைகள் அல்லவா? ஈரல் நோய்க்கு எழுதிய இலக்கணத்துள் இதயநோயின் காரணங்களே நின்றன.

உலகில் வளர்ந்தோருள் நால்வரில் ஒருவருக்கு மேல் இந்நோய் உள்ளது. அவருள் மிகப் பலர் அதனை அறியார். ஈரலின் உட்பகுதியில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. ஆதலின், அது வருந்தினும் வாய்விட்டு அழுவதில்லை. வேறொரு வயிற்றுநோய்க்காக ஸ்கேன் எடுக்கச் சென்றவரின் குறிப்புத்தாளில், “ஈரலில் கொழுப்புப் படிந்துள்ளது” என்று ஒரு வரி காணப்படும். “இஃது எல்லார்க்கும் உள்ளதுதானே? எனக்கு ஒரு வலியும் இல்லையே!” என்று அவர் அத்தாளை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவார். பலர்க்கு ஈரல் அளவில் பெருந்தீங்கு நேர்வதில்லை என்பதும் உண்மையே. சிலர்க்கே கொழுப்பு, அழற்சியாகவும், பின்னர்த் தழும்பாகவும், இறுதியில் ஈரற் சுருக்கமாகவும் முற்றும். ஆனால், தீங்கு ஈரலில்தான் வர வேண்டும் என்பது இல்லை.

இதயம் தளர்ந்தால் ஈரல் வருந்தும் என்பதை மருத்துவர் முன்பே அறிவர். குருதியை ஏற்றுச் செலுத்த இயலாது இதயம் சோர்ந்தபொழுது, அக்குருதி பின்னோக்கித் தேங்கி ஈரலை வீங்கச் செய்யும். அவ்வீரலை அறுத்தால், உட்புறம் செந்நிறமும் வெளிர்மஞ்சளும் மாறிமாறிப் படர்ந்து, அறுத்த சாதிக்காயைப்போலத் தோன்றும். நோயியல் நூலார் அதனைச் சாதிக்காய் ஈரல் என்றே வழங்கினர். இவ்வாறு மேலிருந்து கீழே வரும் வழி பழைமையானது. கீழிருந்து மேலே செல்லும் வழியைத்தான் காணத் தவறினர்.

அதனைக் காட்டியவை நீண்டகால ஆய்வுகள். சுவீடன் நாட்டில், ஈரலின் சிறு துணுக்கை எடுத்துச் சோதித்து நோய் உறுதி செய்யப்பட்ட 229 பேரை மருத்துவர்கள் சராசரியாக 26 ஆண்டுகட்கு மேல் பின்தொடர்ந்தனர். 2015-இல் முடிவை வெளியிட்டபொழுது அவருள் 96 பேர் இறந்திருந்தனர். ஈரல் நோயாளர் ஈரல் நோயாலேயே இறந்திருப்பர் என்றுதானே யாரும் கருதுவர்? கணக்கு வேறாயிருந்தது. இதயத்தையும் குருதிக்குழாய்களையும் பற்றிய நோய்களே அவர்தம் சாவுக்குக் காரணங்களுள் முதலிடம் பெற்றன. மாரடைப்பால் இறந்த ஒருவரைப்பற்றி, “அவர்க்கு ஈரலில் கொழுப்பு இருந்தது” என்று நினைவு கூர்வார் யார்?

தொப்பையும் நீரிழிவும் உடையார்க்கு மாரடைப்பு வருதல் இயல்பு. ஈரற்கொழுப்பு உடனிருந்த ஒரு சான்றாளன் மட்டுமே அன்றோ என ஒருவர் வினவலாம். நேரிய வினாவே அது. இத்தாலியின் வெரோனா நகரத்து மருத்துவர் நீரிழிவு உடையோர் 2,103 பேரை ஆறரை ஆண்டுகள் ஆராய்ந்து 2007-இல் விடை கண்டனர். எல்லாரும் நீரிழிவு உடையோரே. அவருள் ஈரற்கொழுப்பும் உடையவர்க்கு இதயநோய் மிகுதியாக வந்தது. அகவை, புகைப்பழக்கம், குருதி அழுத்தம், கொழுப்பளவு முதலியவற்றைக் கணக்கிட்டுக் கழித்த பின்னும் அவ்வேறுபாடு எஞ்சி நின்றது. ஆகவே, ஈரல் சான்றாளன் மட்டும் அன்று. குற்றத்தில் பங்காளியும் ஆதல் கூடும். அமெரிக்க இதயக் கழகமும் 2022-ஆம் ஆண்டில் தனி அறிக்கை ஒன்றனால் இத்தொடர்பை எடுத்துரைத்தது.

அப்பங்கு யாது என்பதை இனிக் காண்போம். ஈரல் தன்னிடம் மிகுந்த கொழுப்பைச் சிறுசிறு பொதிகளாகக் கட்டிக் குருதியில் விடும். எண்ணெய் நீரிற் கலவாது. ஆதலின், புரதத்தால் ஆகிய உறையுள் வைத்தே அனுப்புதல் வேண்டும். இப்பொதிகள் ஆற்றில் செல்லும் தோணிகளைப் போன்றவை. நல்ல ஈரல் அளவறிந்து தோணி விடும். கொழுத்த ஈரலோ பெருஞ்சுமை ஏற்றிய தோணிகளை ஓயாது விடுகின்றது. நெரிசல் மிக்க அவ்வாற்றில், தோணிகள் ஒன்றோடொன்று சரக்கை மாற்றிக்கொள்கின்றன. அம்மாற்றத்தால் இரு தீமைகள் விளைகின்றன. தமனிகளைத் துப்புரவு செய்யும் எச்.டி.எல். என்னும் நற்கொழுப்புத் தோணிகள் சிறுத்து விரைவில் அழிகின்றன. எல்.டி.எல். என்னும் தீக்கொழுப்புத் தோணிகள் சிறியனவும் செறிந்தனவுமாக மாறித் தமனியின் உட்சுவருள் எளிதில் நுழைகின்றன. நுழைந்தவை அங்கே தங்கிப் புண்ணாகிக் கட்டியாகின்றன. இதயத்திற்கே குருதி ஊட்டும் தமனிகள் மிகக் குறுகியவை. அங்குள்ள கட்டி ஒருநாள் வெடித்து, அதன்மேல் குருதி உறைந்து வழியை அடைத்தால், அதுவே மாரடைப்பு.

குருதியை உறையச் செய்யும் புரதங்களை ஆக்குவதும் ஈரலே. அழற்சியுற்ற ஈரல் அவற்றையும் மிகுதியாக ஆக்கும். உண்ணாத இரவிலும் சர்க்கரையைக் குருதியிற் கொட்டும். இவ்வாறு ஒரே உறுப்பின் நிலைகேடு பல வாயில்களாலும் தமனியைத் தாக்குகின்றது.

இங்கு ஒன்று கூறுதல் முறையாகும். ஈரற்கொழுப்பு எல்லாம் ஒரே தன்மையது அன்று. பிறப்பிலேயே அமைந்த ஒரு மரபணு வேறுபாட்டால் சிலர்க்கு ஈரலில் கொழுப்புத் தங்குகின்றது. 2008-இல் கண்டறியப்பட்ட அவ்வேறுபாடு ஈரலைக் கெடுக்கும். இதயத்தை அத்துணைக் கெடுப்பதில்லை. கொழுப்பைத் தன்னகத்தே அடைத்துக்கொள்ளும் ஈரல் தானே நலியும். அதனை ஆற்றில் விடும் ஈரல் இதயத்தை நலியச் செய்யும்.

‘பருத்தவர்க்கே இந்நோய், ஒல்லியான எனக்கு என்ன?’ என்று இருப்பாரும் உளர். மேற்கு வங்காளத்து நாட்டுப்புற ஊர்களில் 1,911 பேரைச் சோதித்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. காரும் குளிர்பானமும் மிகுந்த நகரம் அன்று அது. உழவர் வாழும் பகுதி. அங்கும் நூற்றுக்கு 8.7 பேருக்கு ஈரற்கொழுப்பு இருந்தது. அவருள் முக்காற்பங்கினர் பருமன் என்னும் அளவை எட்டாதவர். நகரத்து நிலை இன்னும் கடியது. சென்னையில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில் நூற்றுக்கு 32 பேருக்கு இருந்தது. நீரிழிவு உடையவரை மட்டும் எண்ணின் பாதிக்கு மேற்பட்டோர்க்கு இருந்தது. தென்னாசிய மக்களின் உடல், கையும் காலும் மெலிந்திருப்பினும், வயிற்றினுள்ளே கொழுப்பைச் சேர்க்கும் இயல்பினது. ஆதலின், எடைக்கருவி காட்டும் எண்ணை மட்டும் நம்புதல் போதாது. ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும் மகளிர்க்கு 80 சென்டிமீட்டரும் கடந்த இடையளவு எச்சரிக்கை ஆகும். தையற்காரரிடம் உள்ள அளவுநாடாவே இதற்குப் போதும்.

மருந்து பற்றிய ஒரு தவறான அச்சத்தையும் சொல்லுதல் வேண்டும். மாரடைப்பைத் தடுக்கத் தரப்படும் ஸ்டாட்டின் மாத்திரைகள் ஈரலைக் கெடுக்கும் என்று கேள்வியுற்று, கொழுப்பு ஈரல் உடையோர் சிலர் அவற்றைத் தாமே நிறுத்திவிடுகின்றனர். அவர்க்கு அம்மாத்திரைகள் தீங்கற்றவை என்பதே ஆராய்ந்தோர் முடிபு. ஈரலைக் காப்பதாக எண்ணி இதயத்தின் காவலை நீக்குதல், வேலியைப் பிடுங்கிப் பந்தலுக்கு முட்டுக் கொடுப்பதை ஒக்கும். மருத்துவரைக் கேளாது மாத்திரையை விடலாகாது.

ஈரலுக்கென்றே ஒரு மருந்து 2024-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்காவில் முதன்முதல் ஒப்புதல் பெற்றது. அது தழும்பு ஓரளவு முற்றியவர்க்கு உரியது. ஏனையோர்க்கு, வாத்துக்கு உரைத்த வழியே மனிதர்க்கும் வழி. கியூபா நாட்டின் அவானா நகரில் நோயாளர் 293 பேர் ஓராண்டுக் காலம் உணவைக் குறைத்து நடைப்பயிற்சி மேற்கொண்டனர். தொடக்கத்திலும் முடிவிலும் அவர்தம் ஈரல் துணுக்குகள் சோதிக்கப்பட்டன. 2015-இல் வெளியான முடிவின்படி, உடல் எடையில் பத்தில் ஒரு பங்கையேனும் குறைத்தவருள் நூற்றுக்கு 90 பேருக்கு ஈரல் அழற்சி நீங்கிற்று. 45 பேருக்குத் தழும்பும் குறைந்தது. எழுபது கிலோகிராம் எடையுள்ளவர்க்கு அஃது ஏழு கிலோகிராம். ஏழு எளிதன்று. அவ்வாய்விலும் அந்த அளவை எட்டியவர் சிலரே. ஆயினும், எடை இருபதில் ஒரு பங்கு குறைந்தாலே ஈரற்கொழுப்புக் கரையத் தொடங்குகின்றது. எடை குறையாவிடினும் நாள்தோறும் விரைந்து நடப்போர்க்கு ஈரற்கொழுப்பு ஓரளவு குறைதலையும் கண்டுள்ளனர். தசைகள் சர்க்கரையை ஈர்த்துக்கொள்வதால் ஈரலின் சுமை தணிகின்றது.

இந்திய அரசு 2021-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கொழுப்பு ஈரல் நோயை, புற்றுநோய், நீரிழிவு, இதயநோய், பக்கவாதம் ஆகியவற்றைத் தடுக்கும் தேசியத் திட்டத்துடன் இணைத்தது. ஈரலைத் தனியே வைக்காது, இதயநோயையும் நீரிழிவையும் நாடும் அதே வரிசையில் அதனையும் நிறுத்தினர். ஆகவே, ஸ்கேன் தாளில் அவ்வொரு வரியைக் கண்டவர் தாளைப் பெட்டியில் வையாது, அண்மையில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு எடுத்துச் செல்லலாம். அங்கு முதலில் கட்டப்படுவது கையில் குருதி அழுத்தப்பட்டை. அடுத்துச் சர்க்கரைக்காக ஒரு துளிக் குருதி. பின்னர் இடையைச் சுற்றி அளவுநாடா.